பதினேழாம் பக்கத்தில் ஆரம்பிக்கும் புத்தகம்

ஆம்பூரில் ஏறும்போதே ஷாகிராவின் விரல்
ஏதோ ஒரு பக்கத்துக்குள் மாட்டியிருக்கும்.
மேல்பட்டியில் நான்.
வளத்தூரில் தாட்சாயணி டீச்சர்.
குடியாத்தத்தில் லுங்கிக் கட்டைத் தள்ளிக்கொண்டு முனிரத்தினம்.
நல்லா இருக்கியா என்று யாரும் கேட்பதில்லை.
"எதுவரைக்கும் வந்துகீறே?"
அதுதான் எங்களுக்குள் வணக்கம்.

முனிரத்தினம் எட்டு மாதமாய் ஒரே நாவலில் இருக்கிறார்.
அதில் வருகிறவன் இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை.
"கெளம்புனா செத்துடுவாம்பா, எனக்குத் தெரிஞ்சிபோச்சி.
அதான் நாளைக்கு அரைப் பக்கம்."

டீச்சர் நேர் எதிர்.
கடைசிப் பக்கத்தைப் புரட்டி
யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டுத்தான்
முதல் பக்கத்துக்கு வருவார்.
வருகைப்பதிவு எடுத்த கை.

ஷாகிராவுக்குப் பிடித்த எழுத்தாளர் மாதத்துக்கு ஒருவர்.
போன மாதத்து ஆளைப் பற்றி இந்த மாதம் பேசினால்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நான் பொய்யன்.
முதல் நாள், "உனக்கு யார் புடிக்கும்?" என்றபோது
படித்தேயிராத ஒரு பெரிய பெயரைச் சொல்லிவிட்டேன்.
அன்றிலிருந்து அவர் எழுதியதாகவே தேடிப்பிடித்து
என் மடியில் வைக்கிறார்கள்.
ஆறு முடித்தாயிற்று.
இப்போது அது பொய்யில்லை.
ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம்
காது சுடும்.

வெள்ளிக்கிழமை
லத்தேரிக்கு முன்னால் சிக்னல் விழவில்லை.
கூட்ஸ் ஒன்று போகவேண்டுமாம்.
மின்விசிறி பெயருக்குச் சுற்ற
ஏழேமுக்காலுக்கே தகரம் கொதித்தது.
காவனூரில் ஏறியவள், செக்யூரிட்டி சீருடை,
நெஞ்சில் செ. அஞ்சலாட்சி என்ற பட்டை,
அதுவரை எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தவள்
சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்தாள்.
அட்டை இல்லை. நூல் பிரிந்து தொங்கியது.

"யாரு எழுதுனது?"
"தெர்லீங்க."
"புஸ்தகத்து பேரு?"
"தெர்லீங்க. பதினேழாம் பக்கத்துல ஆரம்பிக்குது.
பழைய பேப்பர் கடையில தராசுல கெடந்துச்சு.
எனக்குப் புடிச்சவுரு இவுருதான்."
கொஞ்சம் யோசித்து,
"இவுரோ, இவுங்களோ."

கைமாறி வந்தது.
ஒரு பெண் ஆற்று மணலில் ஊற்று தோண்டிவிட்டு
கலங்கல் தெளியக் காத்திருக்கிறாள்.
இரண்டு பக்கம். வேறெதுவும் நடக்கவில்லை.
காட்பாடியில் இறங்கி
தினமும் பஸ்ஸில் கடக்கிறேன் பாலாற்றை.
ஒருநாளும் அதில் அவ்வளவு தண்ணீர் பார்த்ததில்லை.

டீச்சர் ஒரு பெயர் சொன்னார், அடித்துச் சொன்னார்.
"அந்த ஆளு இவ்ளோ பொறுமையா எழுத மாட்டான்"
என்றார் முனிரத்தினம்.
ஷாகிரா போனை எடுத்தாள்:
"ஒரு வரி அடிச்சா போதும், வந்துடும்."

அஞ்சலாட்சி பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.
"வேணாங்கா.
பேரு வந்தா மூஞ்சி வந்துடும்.
இப்ப யாரா வேணா இருக்கலாம்ல."
சொல்லிவிட்டு எங்களை ஒவ்வொருவராய்ப் பார்த்தாள்,
கேட்டில் வண்டி எண் குறிக்கிறவள் பார்ப்பது போல.
நான் ஏனோ நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

புத்தகம் இருநூற்று இருபத்தெட்டில் அறுந்திருந்தது,
பாதி வாக்கியத்தில்:
அவள் கதவைத் திறந்தபோது அங்கே

கூட்ஸ் போயிற்று. ஐம்பத்தெட்டுப் பெட்டி.
அதன்பின் டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை.
காட்பாடி மேம்பாலப் படியில்
கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து
அவள் தோளைத் தொட்டார்:
"அங்க யாரும்மா நின்னாங்க?"

"தெனம் ஒருத்தரு டீச்சர்.
நேத்து யாரும் இல்ல.
வெயிலுதான் நின்னுகினு இருந்துச்சு."

திங்கட்கிழமை அதை முனிரத்தினம் இரவல் வாங்கிக்கொண்டார்.
பதினேழாம் பக்கத்தில் இருக்கிறார்.
எனக்கு வந்து சேர
எப்படியும் அடுத்த தை ஆகும்.