கூப்பிடு தூரம்

கைக்கணினிக்குள் தீவு படுத்திருக்கிறது.
ஒவ்வொரு புளோக்குக்கும் ஓர் உயரம்,
ஒவ்வொரு மழைமரத்துக்கும் ஒரு பச்சை வட்டம்.
புள்ளியில் நின்று பொத்தானை அழுத்தினால்
முந்நூற்று அறுபது பாகைக்கும் கோடுகள் ஓடி
எதிலாவது முட்டி நிற்கும்.
எவ்வளவு தூரம் ஓடி முட்டின,
எத்தனை முட்டாமல் போயின,
அவ்வளவுதான் திறந்தவெளி.

என் வேலை அதற்கு அடுத்தது:
அதே புள்ளியில் வருவோர் போவோரை நிறுத்தி
இந்த இடம் எவ்வளவு திறந்திருக்கிறது,
ஒன்றிலிருந்து பத்துக்குள்? என்று கேட்பது.
நாளுக்கு நாற்பது பேர்.
பதில் தந்தால் ஐந்து வெள்ளிக்கு
உணவங்காடிப் பற்றுச்சீட்டு.

தோ பாயோ, லோரோங் எட்டு. கணினி சொன்னது மூன்று.
பள்ளிச் சீருடையில் ஒரு பையன் ஒன்பது என்றான்.
அண்ணாந்து பார்த்துத்தான் சொன்னான்.
எங்கள் கோடுகள் மேலே போவதில்லை.

தெங்கா. சமன்படுத்திவிட்டு
இன்னும் எதையும் எழுப்பாத மண்.
காலை பதினொன்றரை வெயில். கணினிக்கு 9.6.
முதலாளி வீட்டு நாயோடு வந்த பெண்
இரண்டு என்றாள்.
"இங்கே எல்லாரும் என்னைப் பார்க்கலாம்."
அப்படியானால் பத்து எது?
பன்னிரண்டாம் மாடிக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே
படிக்கட்டுத் திருப்பம்.
இரவு ஒன்பதேகாலுக்கு,
கைபேசியில் மகன் வரும்போது.
அங்கே எங்களுக்குப் புள்ளி கிடையாது.
2 என்று பதிந்தேன்.
நாய் இழுத்தது, போய்விட்டாள்,
பற்றுச்சீட்டை வாங்காமலே.

பீஷான் பூங்கா, ஆற்றோரம்.
வெள்ளைக்கோலோடு வந்தவரிடம் கேட்கவேண்டாமென்று
ஒதுங்கி வழிவிட்டேன்.
"என்ன கணக்கெடுப்பு?" நின்றுவிட்டார் திரு ஓங்.
சொன்னேன்.
கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒரே ஒருமுறை கை தட்டினார்.
காத்திருந்தார்.
"இடப்பக்கம் சுவர் இருக்கிறது, தள்ளி.
வலப்பக்கம் போனது திரும்பி வரவேயில்லை.
ஏழு போடு.
புல் வெட்டும் இயந்திரம் ஓடினால் நாலு."

கண்ணுக்கெட்டிய தூரத்தைத்தான்
நாங்கள் மீட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தோம்.
கூப்பிடு தூரம் என்று ஒன்று
என் வாயிலேயே இருந்தது,
பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவென்று கேட்டால்
நானே சொல்வதுண்டு.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

புதன்கிழமைக் கூட்டம். திரையில் ஒரு சாய்கோடு:
கிடையில் கணினி, நெடுகில் மனிதர்கள்.
கோட்டை ஒட்டி நீலமாய் ஆயிரத்துச் சொச்சம்,
விலகி நிற்பவை சிவப்பு.
"இவற்றை எடுத்துவிடலாமா?" முனைவர் குவெக் கேட்டார்,
கோபமில்லை, சுருதி பிசகினால் கேட்பதுபோல.
ஒரு சிவப்பைத் தொட்டார். என் குறிப்பு விரிந்தது.
அந்தக் கட்டம் எதையும் பாதியில் அறுத்துவிடும்:
வலப்பக்கம் போனது திரும்பி வரவேயி

"இது என்ன?"

அந்த அறைக்குச் சன்னல் இல்லை.
எப்படி விளக்குவதென்று தெரியாமல்
கை தட்டினேன்.
எல்லாரும் திரும்பினார்கள்.
சத்தம் அதற்கு முன்பே
திரும்பியிருந்தது.