மறுகா?

பாமசியைப் பூட்டிவிட்டு வர ஒன்பதரை.
சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்த இடத்தில்
லப்டொப்பை விரிக்கிறேன்.
தம்பி லுகிர்தன் கட்டாருக்குப் போகையில் விட்டது.
ஒரு எழுத்தின் மூடி கழன்றுபோய்
அந்தக் குழிக்குள் பேனை முனையால் குத்த வேண்டும்.

இந்தக் கிழமைப் பாடம் லிஸ்ட்டும் இன்புட்டும்.
கேள். சொன்னதை வாங்கு. கடைசியில் சேர்.
இதைத்தானே காலையிலிருந்து
களுவாஞ்சிகுடி மெயின் றோட்டில்
ஆஸ்பத்திரித் துண்டோடு வருகிறவர்களுக்குச்
செய்துவிட்டு வருகிறேன்.

முதல் ஆளுக்கு இலக்கம் பூச்சியமாம்.
கிளினிக் நம்பருக்கு விடியச்சாமம் நாலு மணிக்கே
கேற்றைப் பிடித்தபடி நிற்கும் மனிசனிடம்
இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்,
கொஞ்சம் தள்ளி நின்று.

முந்தநாள் கடன் கணக்கு.
இருநூறு தட்டினேன், முந்நூறு தட்டினேன்,
கூட்டு என்றேன்.
இரண்டையும் தோளோடு தோள் நிறுத்தி
இரண்டு லட்சத்து முந்நூறு என்றது.
எட்டிப் பார்த்த பக்கத்து வளவு யோகமலரக்கா
"ஆத்தே, என்ட கணக்க இதில போடாதகா" என்று
செருப்பைக்கூட மாற்றிக் கொழுவிக்கொண்டு போனா.
எதைத் தட்டினாலும் அதற்கு அது வெறும் சொல்.
இலக்கம் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேணும்.

பாடத்தில் 'அடுத்த பெயர்' என்று இருந்தது.
கச்சேரி ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து
கூப்பிடுவதுபோல் இருந்தது எனக்கு.
அழித்துவிட்டு 'மறுகா?' என்று எழுதினேன்.
முதலில் 'பேர்?'
பிறகு நாலு தரம் 'மறுகா?'
ஆரையாவது இருத்திப் பார்க்க வேணும்.
அம்மா மீன் கழுவிய கையைச் சட்டையில் துடைத்து
வந்து இருந்தா.

பேர்?

கை பின்னுக்குப் போனது.
"ஆர் கேக்கிற?"
கொம்பியூட்டர்தான் அம்மா.
"கேட்டுப்போட்டு ஆருக்குக் குடுக்கும்?"
ஒருத்தருக்கும் இல்லை. லைட் போனால்
அதுக்கே மறந்துபோகும்.
"பதியத்தான் எண்டுதான் அண்டைக்கும் சொன்னவங்கள்.
பதிஞ்சிட்டு விடுறதாம்."
திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னா:
"என்ட தம்பி, எழுதினவன்ட பிழையையும் திருத்திக் குடுத்தவன்.
ரத்தினம் இல்ல ஐயா, ரெத்தினம்,
பாக்கியரெத்தினம் எண்டு."

பிறகு பெரிய கட்டையை மட்டும் தட்டினா.
மறுகா?
தட்டினா.
மறுகா?
தட்டினா. தட்டினா. தட்டினா.
எழும்பி மீனிடம் போய்விட்டா.

['', '', '', '', '']

எத்தனை என்று கேட்டேன். ஐந்து என்றது.
ஒன்றுமில்லாததற்கும் இடம் பிடித்து
இலக்கம் போட்டு வைத்திருந்தது.

அடுத்த பயிற்சி அதற்கும் வழி சொல்கிறது:
வெறுமையாக வந்தால் விடாதே,
தரும்வரை கேள்.
எழுதி ஓட்டினேன். ஒன்றும் தட்டாமல்
கட்டையில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன்.
பேர்? பேர்? பேர்? பேர்?
திரை நிறைந்து மேலே மேலே ஓடியது.
நிறுத்தக் கை தடுமாறியது.

அந்த மூன்று வரியையும் அழித்தேன்.
வெறுமையாக வந்தால் 'சரி' என்று
சொல்லிவிட்டுப் போகட்டும்.
புள்ளி குறைந்தால் குறையட்டும்.

குசினிக்குள் இருந்து சத்தம்.
"நாளைக்கு வரக்குள்ள சீனி கொண்டா புள்ள."
தட்டினேன்.
மறுகா? என்று அது கேட்டது.
மறுகா? என்று நானும் கேட்டேன்.
"கால் நோவுக்கு அந்தப் பச்சை மூடி ஒயில்.
மறுகா... நில்லு, யோசிச்சுச் சொல்றன்."

பூச்சியத்தில் சீனி,
ஒன்றில் ஒயில்.
அதன் கீழே கோடு ஒன்று
மின்னி மின்னிக்
காத்துக்கொண்டு நிற்கிறது.