முதல் இலக்கு

பாப்பாக்குடி வட்டார வள மையத்தில்
மின்விசிறி ஒன்று, பெஞ்சு மூன்று.
பதினெட்டுத் தாய்மார், ரெண்டு தகப்பன்மார்.
மடியில் இருக்கும் வயசு தாண்டியதுகளும்
மடியில்தான் இருந்தன.

முக்கூடலில் எட்டரை பஸ் பிடித்து வந்தேன்.
அன்றைக்கு எழுநூறு பீடி நட்டம்.
கணக்கு எனக்கு வரும்.
கட்டில் ஒன்று குறைந்தாலும்
விரல் சொல்லிவிடும்.
டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்குத்தான் விளங்கவில்லை:
மாசானமுத்து, வயது எட்டு,
அறுபத்தைந்து சதவீதம்.

மிச்சம் முப்பத்தைந்து எங்கே இருக்கிறது?
காதில் கொஞ்சம் இருக்கும்.
கடையம் பஸ் எது, அம்பை பஸ் எது,
முக்கு திரும்புமுன்னே தெரியும் அவனுக்கு.
தலையாட்டுவான்.
என் இருமலுக்கு வேற ஆட்டு.

அடையாள அட்டை, பராமரிப்புத் தொகை, துணையாள் படி,
ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று ஜெராக்ஸ்.
முழு உருவப் போட்டோ கேட்டார்கள்.
'குறை தெரியணும்லா' என்று
ஸ்டுடியோக்காரர் அவன் டவுசரை
முட்டுக்கு மேலே சுருட்டிவிட்டார்.
நானும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஹெட்மாஸ்டர் நல்லவர்தான்.
'இங்க எதுக்கும்மா தூக்கிட்டு அலையுத,
வீட்டுக்கே டீச்சர் வருவாங்கல்லா' என்றார்.
அதுதான் சட்டம் என்று ஒரு வருசம் நம்பியிருந்தேன்.
டெய்சிராணி டீச்சர் வந்துதான் சொன்னாள்:
'அது உங்க இஷ்டம்க்கா, அவர் இஷ்டமில்ல.
ரெஜிஸ்டர்ல இவன் பேர் இருக்கு.
பேர் இருந்தா பெஞ்சும் இருக்கணும்.'

பிறகு ஒரு தாளை விரித்தாள். அவனுக்கென்று தனித் திட்டமாம்.
மூன்று மாசத்துக்குள் என்ன வேணும், சொல்லுங்க.
அம்மான்னு கூப்பிடணும் என்றேன்.
கொஞ்ச நேரம் பேனா அசையவில்லை.
'அதையும் எழுதுவோம்க்கா. ரெண்டாவதா.
மொதல்ல வேண்டாம்னு சொல்லட்டும்.'

வேண்டாம்னு சொல்லுத பிள்ளையை
எவளாவது கேட்டு வாங்குவாளா?
பெத்திருந்தால்லா தெரியும் இவளுக்கு, என்று நினைத்தேன்.
நினைத்தது நிசம், மறைக்கவில்லை.

பீடி லேபிள் வந்த அட்டையை வெட்டி
சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.
பாகற்காய்த் துண்டை உதட்டில் வைப்பாள்,
அவன் கையை எடுத்து அட்டையில் வைப்பாள்,
துண்டை எடுத்துவிடுவாள்.
'அட்டையத் தொட்டா ஒடனே நிறுத்தணும்க்கா.
நிறுத்தலன்னா அது சொல்லில்ல,
வெறும் அட்டை.'
ஏழு வாரம்.
அட்டையைச் சப்பினான், பைய நுனி கிழிந்தது,
வேற அட்டை வெட்டினோம்.

ஐப்பசியில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள்.
பந்தல், மைக்கு, சால்வை.
வந்திருந்த பெரிய மனுசர்
அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.
மாசானத்தின் கை வளைந்து, நடுங்கி, இடம் தவறி,
மறுபடி தேடி,
கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கியது.

வாழ்த்து அட்டை என்று நினைத்து
அவர் வாங்கப் பார்த்தார்.

தொகுப்பூதியக்காரி, வருசத்துக்கு ஒரு தடவை
வேலை உண்டா இல்லையா என்று காத்திருப்பவள்,
மேடைக்குக் கீழே நின்று சத்தமாகச் சொன்னாள்:
'சார், அவன் வேண்டாங்கான்.'

கேமரா இறங்கியது.
கன்னத்திலிருந்து கை எடுபட்டது.
மைக்கில் அடுத்த பேர் வாசித்தார்கள், அவசரமாக.
நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்,
ஒரு சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே வந்தது.

ராத்திரி புளிக்குழம்பு.
ஒரு வாய் வாங்கினான். ரெண்டாவது வாய்க்கு
அட்டை எழும்பியது.
ஊட்டிய கை அந்தரத்தில் நின்றது.

அவன் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று
பதினோரு வருசமாக வைக்கிறேன்.
எனக்கும் பிடிக்காது.