தரையில் குறை இல்லை

அடையாள அட்டையில் ஆங்கிலத்துக்குப் பதின்மூன்று கட்டங்கள்.
என் பெயர் ஒன்பதைத் தின்றது, இடைவெளி ஒன்றை,
மீதி மூன்றில் அப்பா முழுசாக நுழையவில்லை.
தேன்மொழி இரு.
இருதயராஜ் என்று யாருக்கும் விளக்கவில்லை.
ஷார்ஜாவில் இதைத் தமிழாக வாசிக்கிறவர் ஒருவர்தான்,
வாசல் காவலர், சாயல்குடிக்காரர்.
ராத்திரி வேலைக்கு உள்ளே போகும்போதெல்லாம் சொல்வார்:
"இருக்கச் சொல்லி அச்சடிச்சே குடுத்துட்டானுக. இரு தாயி."

அதற்குமுன் ரோலாவில், கைபேசி பழுதுக் கடையில் நாலு வருஷம்.
தண்ணீரில் விழுந்தவை, சண்டையில் எறிந்தவை,
ஊருக்குப் பேசிப் பேசிச் சூடேறியவை.
அங்கே தவறினால் வந்து திட்டுவார்கள்.
இங்கே முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள்:
தவறினால்
திட்ட யாரும் திரும்பி வர மாட்டார்கள்.

மணிக்கட்டில் பட்டை. பட்டையிலிருந்து கம்பி மேசைக்கு,
மேசையிலிருந்து மண்ணுக்கு.
ஏசி அறையின் விரிப்பில் நடந்து நடந்து
உடம்பில் சேரும் மின்சாரம்
ஒரு சிப்பைக் கொல்லப் போதுமாம்.
இவ்வளவு சுமந்துகொண்டா பஸ்ஸில் வந்துபோனேன்?

ஆறு மாதம் கம்பி உரித்தேன்.
ஓர் இழை அறுந்தாலும் வெட்டி எறி, மறுபடி உரி.
பக்கத்து மேசை இக்லாஸ், கார்ட்டூம்காரி,
அறுந்த இழைகளைத் திரித்துக் காதுவளையம் செய்தாள்.
பட்டறைக்குள் நகை கூடாது என்றார்கள்.
கழற்றிப் பையில் போட்டாள்.
பையில் கணக்கில்லாத உலோகம் கூடாது என்று
அதற்கும் ஒரு திட்டு.

ஜூலை. இரவு இரண்டு மணிக்கும் முப்பத்தெட்டு டிகிரி.
விமானியின் புகார், நான்காவது முறை:
மேலே போனதும் இடது உயரமானி துடிக்கிறது.
முந்தைய மூன்றுக்கும் கீழே
மூன்று வேறு கையெழுத்தில் ஒரே பதில்:
தரையில் சோதித்தோம். குறை இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வெள்ளிதோறும் அக்கா கேட்பாள், நான் சொல்வேன்:
சாப்பிட்டேன், தூங்கினேன், வேலை நல்லா இருக்கு.

விமானத்தின் மூக்குக்குப் பின்னால், அடிவயிற்று அறைக்குள்
மண்டியிட்டுப் போனோம்.
கம்பிகள் எல்லாம் ஒரே வெள்ளை,
ஒவ்வொன்றின் மேலும் எறும்பு அளவில் எண்.
மீட்டர் பீப் என்றது.
மறுபடி பீப்.

"இங்கே எல்லாம் சூட்டில் வீங்கி
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கு. மேலே குளிர்ந்தால்?"
"இந்த அறை அவ்வளவு குளிராது" என்றாள் இக்லாஸ்,
ஆனாலும் டார்ச்சைத் திருப்பினாள்.

ஒவ்வொரு கம்பியாக இரு விரலில் பிடித்து
மெல்ல இழுத்தேன்,
பிள்ளையின் பல் ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல்.
நாற்பத்தொன்று அசையவில்லை.
நாற்பத்திரண்டு வந்தது.
ஒரு மயிரளவு. வந்து, நின்றது.

தன் குழியில் அந்தப் பின் முழுதாக உட்காரவே இல்லை.
எத்தனை வருஷத்துக்கு முன்போ, எந்த ஊர்க் கையோ,
க்ளிக் கேட்கும்வரை காத்திராமல் மூடியிருக்கிறது.

அழுத்தினேன்.
அரிசி கடிபடும் சத்தம்.
இரு, என்றேன் அதனிடம்.

கையெழுத்துப் போட எனக்கு உரிமம் இல்லை.
மகாராயெக் வந்தார், தானும் இழுத்துப் பார்த்தார், போட்டார்.
என் பயிற்சிப் புத்தகத்தில் ஒரே சொல்: உதவினார்.

ஐந்து நாற்பதுக்கு அது டாக்காவுக்குப் போனது.
போய்ப் போய் வந்தது.
வந்தபோதெல்லாம் புகார்ப் புத்தகத்தைப் புரட்டினேன்.
ஒரு விளக்கு எரியவில்லை என்று எழுதியிருந்தார்கள்,
காபி இயந்திரம் ஒழுகுகிறது என்று.
இடது உயரமானியைப் பற்றி
யாரும் எதுவும் எழுதவில்லை.

அந்த எழுதாத இடத்தைப்
படம் எடுத்துவைக்க ஆசை.
பட்டறைக்குள் கைபேசி கூடாது.