ஓட்டுநரோடு பேசாதீர்கள்

போஸ்னானின் கடைசி டிராமைப் பணிமனையில் விட்டு
வீடு திரும்பினால்
யகோடாவின் கதவடியில் ஒரு கோடு வெளிச்சம்.

பிப்ரவரியில் இதே கதவை ஓங்கித் தட்டியவன் நான்.
மாதிரித் தேர்வு. கணக்கில் இருபத்தாறு.
"முப்பது! முப்பதுகூட முடியாதா?"
கீழ்வீட்டு நாய்தான் பதில் சொன்னது.
மறுநாளிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டும்
அறைக்குள் போய்விட்டது.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை தொங்குகிறது:
வண்டி ஓடும்போது ஓட்டுநரோடு பேசாதீர்கள்.
பதினெட்டு வருடமாக
அது பயணிகளுக்கு மட்டும் என்றிருந்தேன்.

காலணியைக் கையில் பிடித்து
அந்த வெளிச்சத்தைத் தாண்டப் பார்த்தேன்.
"அப்பா."
நின்றேன்.
"ஈரத் தண்டவாளத்தில் பிரேக் போட்டால்
எவ்வளவு தூரம் போய் நிற்கும்?"
"வேகத்தைப் பொறுத்து."
"வேகம் இரண்டு மடங்கானால்?"
"இரண்டுக்கு மேலேயே போகும்.
காலுக்குத் தெரியும், கணக்கு தெரியாது."
"நாலு மடங்குப்பா!"
மின்கட்டண உறையின் முதுகில்
ஒரு வளைகோடு வரைந்தாள்.
அக்டோபர்ச் சருகில் நான் வழுக்கிப் போன மாலை
அதில் எங்கோ இருந்தது.

மே மாதம். கஷ்கொட்டை மரங்கள் பூத்துவிட்டன.
வெள்ளைச் சட்டையில் என் வண்டியிலேயே ஏறினாள்,
பலகையை ஒட்டி நின்றாள்.
தூங்கினாயா, பேனா இருக்கிறதா,
எதையும் கேட்கவில்லை நான்.

பள்ளி நிறுத்தத்தில்
கதவுகளை நாலு நொடி கூடுதலாகத் திறந்து வைத்தேன்.
பின்னால் யாரோ
பொறுமையிழந்து மணியை அழுத்தினார்கள்.