ஐம்பதாவது வண்டி

பர்மா பஜாரில் பேரம் பேசி
நாலாயிரம் குறைத்து வாங்கிய பெட்டி அது.
கைப்பிடியின் இடது குமிழ்
யாரும் தொடாமலே கொஞ்சம் மேற்கே இழுக்கும்.
என் டிரெய்லரும் அப்படித்தான்.
பழகிக்கொண்டேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில்
துறைமுகக் கேட்டுக்காகப்
பதினோரு மணி நேரம் நின்றுவிட்டு
வீட்டுக்கு வந்து லுங்கிக்கு மாறி
திரையில் அந்த நகரத்தைத் திறப்பேன்.
எங்கேயும் கேட் கிடையாது.
பாஸ், சீல், எடைச்சீட்டு
எதுவும் யாரும் கேட்பதில்லை.
முக்கோணப் பொத்தானை அழுத்தினால்
பதினெட்டு மாடி, ஒரே தாவல்.

சக்தியெல்லாம் கைக்கு வந்த அன்று
நான் செய்த முதல் காரியம்
சிவப்பு விளக்குக்கு நின்றது.
எப்சிபா சிரித்த சிரிப்பில்
கீழ்வீட்டு பியூலா அக்கா
மேலே வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு பறந்தேன்.
நூறு கூரைகளில் கால் வைத்ததற்கு வெண்கலம்.
தடம் புரளப் போன ரயிலைத்
தோள் கொடுத்து நிறுத்தியதற்கு வெள்ளி.
ஒவ்வொன்றுக்கும் திரையின் மூலையில் 'டிங்'.
இருபத்திரண்டு வருஷ ஓட்டத்தில்
எந்த முதலாளியிடமிருந்தும் கேட்காத சத்தம்.

அந்த ஊரிலும் துறைமுகம் இருக்கிறது.
போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?
கிரேன்கள் இருந்தன. வரிசை இல்லை.
ஒரே கப்பல், எப்போதும் அதே கப்பல்,
ஏற்றுவதுமில்லை இறக்குவதுமில்லை.
கிரேன் உச்சியில் உட்கார்ந்து
வெகுநேரம் சும்மா இருந்தேன்.
அதற்கும் ஒரு வெண்கலம் கொடுத்தார்கள்.

ராயபுரத்தில் கேரம் ஆடி
மச்சான் வாங்கிய கோப்பைகள் டிவிக்கு மேலே நிற்கின்றன.
தூசு தட்டினால் காது கையோடு வரும்.
என்னுடையவற்றுக்குத் தூசில்லை,
மணலியிலிருந்து எந்தக் காற்று வந்தாலும்.

ஒன்றுதான் பாக்கி:
ஐம்பது வண்டிகளைத் தூக்கி எறிய வேண்டும்.

நிறுத்தி வைத்தவையாகத் தேடிப் பிடித்தேன்.
ஆளில்லாத கார், கதவு திறந்த வேன்,
ஓர் ஐஸ்கிரீம் வண்டிகூட, மன்னிப்புக் கேட்டுவிட்டு.
நாற்பத்தொன்பது.
அப்புறம் அந்த ஊரில் நின்ற வண்டியே இல்லை.
ஓடுவதெல்லாம் ஓட்டுகிறவனோடு ஓடுகிறது.

ஒரு டிரெய்லரை மறித்தேன்.
நாற்பதடிப் பெட்டி, நீலம்.
தலைக்கு மேல் தூக்கியும்விட்டேன்.
கண்ணாடிக்குள் ஒருவன்
ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் இருந்தான்.
முகத்தைச் சரியாக வரையவில்லை யாரும்.
மெல்ல இறக்கி வைத்தேன்.
அவன் குதித்து நாலு எட்டு ஓடினான்,
ஐந்தாவதில் காற்றோடு இல்லாமல் போனான்.
வண்டி நடுரோட்டில் உறுமிக்கொண்டு நின்றது.
என்ன சரக்கோ,
டேமேஜ் யார் கணக்கிலோ,
கிளீனர் பையன் பின்சீட்டில் தூங்குகிறானோ.
இப்போது ஆளில்லா வண்டிதான், எறியலாம்.
ஓரங்கட்டி நிறுத்திவிட்டு வந்தேன்.

ஒரு மாசம் தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றேன்.
கேட்டுக்கு முன்னால் நிற்பது எனக்குப் புதிதா?
"இன்னா நைனா, ஒரு வண்டிக்கு
இம்மாம் நேரம் யோசிச்சினு கீற"
என்றாள் எப்சிபா.

இன்று விடியற்காலை
காசிமேட்டு மீன் வண்டிகள் இடுக்கில் புகுந்து போக,
எனக்கு முன்னால் அறுபது டிரெய்லர்.
எப்சிபா பள்ளிக்கூடத்துக்கு எழுந்திருக்கும் நேரம்.
செல்போன் இரண்டு முறை அதிர்ந்தது.
டோல்கேட் பக்கம் வண்டியை நிறுத்தியதற்கு அபராதம்.
ஐம்பதாவதை எறிந்ததற்கு பிளாட்டினம்.
இரண்டும் என் பேரில்.

இன்ஜினை அணைத்தேன்.
முன்வண்டிக்காரன் கதவைத் திறந்து
ரோட்டில் குதித்தான், கடைப்பக்கம் நடந்தான்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று
என்னையறியாமல் எண்ணினேன்.
ஐந்தாவது எட்டிலும் இருந்தான்.
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
திரும்பி, எனக்கும் சேர்த்து
இரண்டு விரல் காட்டினான்
டீக்கு.