ஈரக் கழிவு

நண்டுக் கம்பெனியில் எடை போடுகிறவன் நான்.
கூடைக்கு நூறு கிராம் ஈரம் கழிப்பேன்,
கடல்தண்ணிக்குக் காசு கிடையாது என்று
கையை விரிப்பேன்.
பிரிசில்லாள் மட்டும் ஒவ்வொரு தடவையும்
கூடையை மூன்று உதறு உதறிவிட்டு
"இப்ப எங்க தண்ணி?" என்பாள்.

தடைக்காலத்தின் பதினோராம் நாள்
உச்சிப்புளியில் ஸ்கேன் எடுத்த பெண்
என் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதை
வானிலை அறிக்கை மாதிரி வாசித்தாள்.
எடை தொண்ணூற்று மூன்று.
டாக்டர் "வேர்க்கணும்" என்றார்.
என் காதில் "ஓடு" என்று விழுந்தது.

ஓடினேன்.
கான்ஸ்டபிள் வேலைக்கு ஓடிப் பழகும் நாகூர் கனியோடு
மண்டபம் வடகடல் ஓரம், விடியுமுன்,
கரையேற்றிப் போட்ட விசைப்படகுகளைத் தாண்டி.
அவனுக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஏழு நிமிடம்.
எனக்கு ஏழாவது நிமிடத்தில்
வாய்க்குள் துருப்பிடித்த ஆணியின் ருசி.
ஒரு நாய் கொஞ்ச தூரம் துரத்திவிட்டு
பாவம் பார்த்து நின்றுவிட்டது.
வீட்டுக்கு வந்தால் எட்டு இட்லி.
பத்து மணிக்கு இரண்டு பரோட்டா.
ஓடியவன் பசியை யார் கேள்வி கேட்பது?

ஒன்பதாம் நாள் கம்பெனித் தராசில் ஏறினேன்.
(தராசு பொய் சொல்லாது.
சொல்வதெல்லாம் நான்தான்.)
மூன்று கிலோ குறைவு!
ஐஸ் உடைக்கிறவன் வரைக்கும் சொல்லிவிட்டேன்.
பிரிசில்லாள் தலைக்கூடையை இறக்காமலே கேட்டாள்:
"ஈரம் கழிச்சியா?"

சாயங்காலம் இரண்டு செம்பு மோர்,
ஒரு தட்டு நிறையக் கருவாட்டுச் சோறு.
மறுபடி ஏறினேன்.
மூன்றும் திரும்பி வந்திருந்தன,
கோபித்துக்கொண்டு போன மச்சான்கள் மாதிரி,
துணைக்கு வலது முழங்காலில் ஒரு வீக்கத்தையும்
கூட்டிக்கொண்டு.

அதனால்தான் நடக்கிறேன்.
முழங்கால் சொல்லி; மனசு சொல்லி அல்ல.
வடகடலில் ஆரம்பித்து
தண்டவாளம் தாண்டி, கருவேலங்காட்டு ஓரமாய்
தென்கடலில் திரும்புகிறேன்.
கச்சான் நாளில் தென்கடல் கத்தும், வடகடல் சும்மா கிடக்கும்;
வாடை வந்தால் முறை மாறும்.
எதிர்க்காற்றில் ஒரு மைல் இரண்டு மைல்.

"பேச முடியணும், பாட முடியக் கூடாது,
அதான் வேகம்" என்றிருந்தார் டாக்டர்.
எனக்குப் பாட்டு எந்த வேகத்திலும் வராது.
ஒரு மங்கள வார்த்தை ஜெபத்தை
நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிச் சொல்லி முடித்தால்
சரி என்று வைத்துக்கொண்டேன்.
மாதா மன்னிக்க வேண்டும்.

நாகூர் கனி என்னைத் தாண்டிப் போகிறான்,
திரும்புகையில் மறுபடியும் தாண்டுகிறான்.
அவன் அரை மணியில் எரிப்பதை எரிக்க
எனக்கு ஒன்றேகால் மணி. மறுக்கவில்லை.
சனிக்கிழமை அவன் கணுக்காலில் கட்டோடு
படகு நிழலில் உட்கார்ந்திருந்தபோது
எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்ததே,
அதையும் மறுக்கவில்லை.

நாலு மாதம்.
தராசு ஐந்து கிலோ குறைவு என்றது.
ஈரத்துக்கு ஒன்று கழித்து
நாலு என்று நோட்டில் எழுதினேன்.
பெல்ட்டில் ஆணியால் போட்ட புது ஓட்டை
அதற்குச் சாட்சி.

நேற்று, தென்கடலில் திரும்பும் இடத்தில்,
பிரிசில்லாள் ஏறி வந்தாள்.
தலையில் கூடை, பதினெட்டு கிலோவாவது இருக்கும்,
மேலே ஈரச் சாக்கு.
"கம்பெனிக்குத்தான, சேந்து நட" என்றாள்.
மகள் பிரசவம், வலையில் விழுந்த ஓட்டை,
சர்க்கரை மாத்திரை விலை, பங்குச்சாமியின் புது வண்டி
எல்லாம் பேசிக்கொண்டே போனாள்.
"என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றாள்.
எனக்குப் பதில் வரவில்லை.
மூச்சு இல்லை.
முப்பது வருடமாக இதே மணலில் இதே நடை.
யாரும் அவளுக்கு வேகம் சொன்னதில்லை.

கம்பெனியில் கூடையை இறக்கி
மூன்று உதறு உதறினாள்.
நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எடை பார்த்தேன்.
ஈரம் கழித்தேன்.
நூறு இல்லை,
ஐம்பது.